புனித அருளானந்தரும் நம் இல்லத் திருச்சபையும்

யூபிலி ஆண்டு என்றதும் நாம் கோவிலைப் பற்றியே பேசுகிறோம். அடிக்கல் நாட்டியவர் யார், மணி எங்கிருந்து வந்தது, பீடத்தை அமைத்தவர் யார் என்றெல்லாம் ஆர்வத்துடன் கேட்டறிகிறோம். இவை நன்றியுடன் நினைக்க வேண்டியவையே. ஆனால் மதுரைச் சீமையில் கோவில்களுக்குக் கல்லும் சுண்ணாம்பும் வருமுன்பே விசுவாசம் வீடுகளில் குடியேறிவிட்டது. ஓலைக் கூரையின் கீழ், மாலை விளக்கின் முன், தாயும் பிள்ளைகளும் முழந்தாளிட்டுச் சொன்ன செபமே நம் திருச்சபையின் முதல் சுவர். எனவே இந்த மலரில், நம் வட்டாரத்தின் மறைசாட்சியாகிய புனித அருளானந்தரின் வாழ்வை, குடும்பம் என்னும் வாசல் வழியாக நுழைந்து காண விரும்புகிறோம்.

ஓரியூர் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளாத கத்தோலிக்கர் நம்மிடையே மிகச் சிலரே. ஆண்டுதோறும் பேருந்திலும் நடையாகவும் அங்குச் சென்று வருகிறோம். ஆனால் அந்தப் புனிதரின் இரத்தம் ஏன் சிந்தப்பட்டது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், கிறிஸ்துவைப் போதித்ததால் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அது உண்மையே. ஆயினும் முழு வரலாறும் அதுவன்று. ஒரு வீட்டின் உள்ளே, ஒரு கணவன் தன் இல்லறத்தைப் பற்றி எடுத்த முடிவு ஒன்றே அவருடைய தலையை வாளுக்குக் கொண்டு சேர்த்தது. அருளானந்தரின் கதை ஒரு தாயின் வீட்டில் தொடங்கி, ஒரு குறுநிலத் தலைவரின் வீட்டில் உச்சம் அடைந்து, மீண்டும் அந்தத் தாயிடமே சென்று முடிகிறது.

விதவைத் தாயின் வீடு

அருளானந்தர் 1647-ம் ஆண்டு மார்ச் 1-ம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தார். ஜான் தெ பிரித்தோ என்பது அவர் இயற்பெயர். தந்தை பிரேசில் நாட்டில் அரசப் பிரதிநிதியாகப் பணியாற்றச் சென்று அங்கேயே இறந்தார். அப்போது ஜான் சிறு குழந்தை. தந்தையின் முகம் நினைவில் நிற்காத அந்தப் பிள்ளைக்குத் தாயே எல்லாமாக இருந்தார். பெயாத்ரிஸ் என்னும் அந்த அம்மையார் பிள்ளைகளை இறையச்சத்தில் வளர்த்தார்.

ஜான் அரண்மனையில் இளவரசன் பேதுருவுக்குத் தோழனாகவும் ஏவலனாகவும் சேர்க்கப்பட்டார். அங்கிருந்த மற்றச் சிறுவர்களின் கேலியையும் தொல்லையையும் பொறுமையுடன் தாங்கியதால், அவர்களே அவருக்கு மறைசாட்சி என்று பட்டப்பெயர் சூட்டினார்களாம். ஏறக்குறைய 11 வயதில் கடும் நோய் வந்தது. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், தாய் புனித சவேரியாரிடம் மன்றாடினார். மகன் பிழைத்தால் ஓராண்டு காலம் இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். நேர்ச்சையின்படி அரண்மனையிலேயே அந்தக் கறுப்பு அங்கியுடன் நடமாடினான்.

நம் ஊரில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு மொட்டை போடும் தாய்க்கும் அந்த லிஸ்பன் தாய்க்கும் என்ன வேறுபாடு? இருவரும் ஒரே பாடத்தைத்தான் பிள்ளைக்குக் கற்பிக்கிறார்கள். உன் உயிர் உனக்குச் சொந்தமன்று, அது கடவுள் திருப்பித் தந்த கொடை என்பதே அது. ஓராண்டு முடிந்ததும் தாய் அங்கியைக் கழற்றிவிட்டார். மகனின் உள்ளமோ அதைக் கழற்றவில்லை. 1662 டிசம்பரில், தம் 15-ம் வயதில், அவர் இயேசு சபையில் சேர்ந்தார்.

குருப்பட்டம் பெற்று 1673-ல் இந்தியாவுக்குப் புறப்பட ஆயத்தமானபோதுதான் தாய்க்கும் மகனுக்கும் இடையே போராட்டம் எழுந்தது. மகனைத் தடுக்க அந்த அம்மையார் தம் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தினார். திருத்தந்தையின் தூதுவர் வரை சென்று முறையிட்டார். விசுவாசம் உள்ள தாய்தான். ஆனால் கடவுளுக்கு மகனைக் கொடுப்பது வேறு, கண்காணாத கடல் கடந்து அனுப்புவது வேறு அல்லவா? மகன் உறுதியாக நின்றார். தம்மைத் துறவுக்கு அழைத்தவரே இப்போது இந்தியாவுக்கும் அழைக்கிறார் என்று சொல்லிக் கப்பலேறினார்.

இதை நாம் மறைக்காமல் சொல்வது தேவை. குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று நாம் தள்ளிவிட வேண்டாம். புனிதரைப் பெற்ற தாயும் அந்த வேதனையில் தவித்தவர்தான்.

மதுரை மிஷனும் வீட்டுச் செபமும்

மதுரை மிஷன் என்று அன்று பெயர் பெற்ற பணித்தளம், இன்றைய மதுரை நகரோடு நின்றதன்று. காவிரிக்கு வடக்கிலிருந்து தெற்கே வறண்ட மறவர் சீமை வரை பரந்து கிடந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி, தமிழையும் வடமொழியையும் கற்று, இம்மண்ணின் துறவியரைப் போல் வாழ்ந்து பணியாற்றினார். பின்னர் 1640-ம் ஆண்டு முதல், எல்லாக் குலத்து மக்களோடும் பழகிப் பணியாற்றும் பொருட்டு, பண்டாரசுவாமிகள் என்னும் வகையில் வேறு சில குருக்கள் பணியாற்றத் தொடங்கினர். அருளானந்தர் 1674-ல் இம்மிஷனுக்கு வந்து, இப்பண்டாரசுவாமிகளின் வழியைத் தேர்ந்துகொண்டார். காவியுடை, புலால் நீக்கிய உணவு, மண்ணில் படுக்கை, வெயிலில் நடைப்பயணம் ஆகியவையே அவர் அன்றாட வாழ்வு. ஜான் என்ற பெயரின் பொருளைத் தழுவி அருளானந்தர் என்று தமிழ்ப்பெயர் பூண்டார்.

குருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஊர்களோ மிகப் பல. போர், பஞ்சம், அரசரின் தடை என்று இடையூறுகளும் ஏராளம். மறவர் சீமையில் பல ஆண்டுகள் குரு எவரும் தங்கிப் பணியாற்ற இயலாத நிலை இருந்தது. அந்நாட்களில் பாவசங்கீர்த்தனமும் பூசையும் மக்களுக்கு எப்போதோ கிட்டும் பேறாகவே இருந்தன. அப்படியானால் இடைப்பட்ட நாட்களில் விசுவாசத்தைக் காத்தது யார்?

உபதேசியார்களும் குடும்பங்களும்தான் என்று வரலாறு விடை கூறுகிறது. இந்திய மண்ணில் முதன்முதலாக அச்சான தமிழ் நூல் எது என்று கேட்டால், 1578-ல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட தம்பிரான் வணக்கம் என்பர். அது 16 பக்கங்களே கொண்ட சிறு மறைக்கல்வி நூல். பெரிய காவியமோ அரசாணையோ முதலில் அச்சேறவில்லை. எளிய மனிதர் படித்து மனனம் செய்ய வேண்டிய உண்மைகளே முதலில் அச்சேறின. எழுத்தறியாதார் மிகுந்த அக்காலத்தில், ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, தாய் சொல்லப் பிள்ளை கேட்டு, மந்திரங்கள் வாய்வழியே பரவின. பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் ஏட்டில் இருந்ததை விட நாவில் இருந்ததே அதிகம். குரு வந்து பார்க்கும்போது ஊரில் செபம் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் வீடுகளே.

1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய தன் கொள்கை ஏட்டில் குடும்பத்தை ஓர் இல்லத் திருச்சபையாகக் கண்டு, பெற்றோரே பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் போதகர்கள் என்று கற்பித்தது. 1981-ல் திருத்தந்தை 2-ம் யோவான் பவுல் குடும்பம் பற்றிய திருமடலில் இதை மேலும் விரித்துரைத்தார். மதுரை மிஷனின் மக்கள் இந்தச் சொற்களைக் கேட்டதில்லை. ஆனால் அந்த உண்மையை வாழ்ந்து காட்டினார்கள்.

மங்கலத்தில் முதல் சோதனை

1686-ல் அருளானந்தர் மறவர் சீமைக்குள் நுழைந்து, மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களைச் சந்தித்துத் திருவருட்சாதனங்களை வழங்கினார். மங்கலம் என்னுமிடத்தில் அவரும் உடனிருந்த உபதேசியார்களும் பிடிபட்டனர். அவர்களைக் கட்டி நீரில் அமிழ்த்தினர். சுடுவெயிலில் கரடுமுரடான பாறைமேல் கிடத்தி மிதித்தனர். சிவபெருமான் பெயரைச் சொன்னால் விடுதலை என்றனர். ஒருவரும் இணங்கவில்லை. உபதேசியார்கள் நம் மண்ணின் மைந்தர்கள், குடும்பமும் உற்றாரும் உடையவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அவர்களின் உறுதி நமக்கு விளங்கும். இறுதியில் கிழவன் சேதுபதி அருளானந்தரை வரவழைத்து அவர் போதனையைக் கேட்டறிந்து, இனி இச்சீமையில் போதிக்கலாகாது என்ற கட்டளையுடன் விடுவித்தார்.

பின்னர் மிஷன் அலுவலாக அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு 1688-ல் லிஸ்பன் சேர்ந்தார். 15 ஆண்டுகளுக்குப் பின் தாயும் மகனும் சந்தித்தனர். சிறுவயதுத் தோழர் பேதுரு இப்போது மன்னர். அவர் அருளானந்தரை அரண்மனையிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். ஆனால் அவர் உள்ளம் வைகைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட மக்களிடமே இருந்தது. 1690-ல் மீண்டும் கப்பலேறினார். தாயை அவர் இம்மையில் கண்டது அதுவே கடைசி.

சிறுவல்லித் தலைவரின் வீடு

மறவர் சீமைக்குத் திரும்பிய அருளானந்தரின் பணியால் திரளான மக்கள் மறையைத் தழுவினர். சிறுவல்லியின் தலைவரும் அரச குடியைச் சேர்ந்தவருமான தடியத்தேவர் அப்போது கடும் நோயில் கிடந்தார். கிறிஸ்தவ குருவை வரவழைக்க விரும்பினார். அருளானந்தர் உடனே நேரில் செல்வது இயலாதிருந்ததால் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின் படுக்கையருகே செபம் சொல்லி நற்செய்தியை வாசித்தார். தடியத்தேவர் நலம் பெற்றார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அந்தப் பெரிய வீட்டின் வாசற்படியை முதலில் தாண்டி நற்செய்தியைக் கொண்டுசென்றவர் குரு அல்லர். ஒரு தமிழ்ப் பொதுநிலையினர். அவர் பெரிய சொற்பொழிவு ஆற்றவில்லை. நோயுற்றவர் அருகில் அமர்ந்து செபித்தார். நம் பங்கில் எத்தனை வீடுகளில் நோயாளிகள் படுக்கையில் கிடக்கிறார்கள்? நாம் ஒருமுறை எட்டிப் பார்த்துச் செபிக்க யாருடைய அனுமதி தேவை?

நலம் பெற்ற தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு அக்காலத் தலைவர்களின் வழக்கப்படி மனைவியர் பலர் இருந்தனர். ஒருவனுக்கு ஒருத்தி என்பதே கிறிஸ்தவத் திருமணம் என்று அருளானந்தர் தெளிவாக விளக்கினார். பதவி உள்ளவர் என்பதற்காகச் சட்டத்தை வளைக்கவில்லை. ஆயிரம் பேரைக் கொண்டுவருவார் என்ற ஆசையால் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. தடியத்தேவரும் தயங்கவில்லை. முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6-ம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி. சேதுபதியின் மருமகள் முறையினர். அவர் தம் உறவினராகிய சேதுபதியிடம் சென்று முறையிட்டார். மறையின் பரவலால் ஏற்கெனவே சினமுற்றிருந்தோர் அந்த முறையீட்டைப் பற்றிக்கொண்டனர். தடியத்தேவரின் வளர்ச்சியைப் பற்றி அரண்மனையில் அரசியல் அச்சமும் இருந்தது. ஜனவரி 8-ம் நாளே அருளானந்தர் கைது செய்யப்பட்டார்.

கடலாயியைப் பற்றி ஒரு சொல்

மறையுரைகளில் அருளானந்தரைத் திருமுழுக்கு யோவானுக்கும் கடலாயியை ஏரோதியாளுக்கும் ஒப்பிடுவது வழக்கம். இருவரும் யோவான்கள், இருவரும் திருமணத்தின் தூய்மைக்காகத் தலை கொடுத்தவர்கள் என்ற அளவில் இந்த ஒப்புமை பொருத்தமே. ஆனால் கடலாயியை வெறும் தீயவளாகச் சித்திரிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. ஏரோதியாள் அறிந்தே தவறான உறவில் நுழைந்தவள். கடலாயியோ, தம் குலத்தார் ஏற்றுக்கொண்ட வழக்கப்படி மணமுடித்து அந்த வீட்டுக்கு வந்தவர். ஒருநாள் அவர் கேளாமலே, அவர் அறியாத ஒரு மறையின் பெயரால் அவருடைய இடம் இல்லாமற்போயிற்று. குருவின் சாவுக்கு வழிசெய்தது பெரும் பாவம்தான். ஆயினும் அவர் கண்ணீர் பொய்யன்று.

திருச்சபையும் இதை மறக்கவில்லை. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1148-ம் சட்டம், பல மனைவியரை உடைய ஒருவர் ஞானஸ்நானம் பெறும்போது ஒருத்தியையே மனைவியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. அத்தோடு நில்லாமல், விலக்கப்படுகிற பெண்களின் தேவைகள் நீதியோடும் அன்போடும் நிறைவேற்றப்படுவதை ஆயர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. உண்மைக்காக விலை கொடுக்க வேண்டியிருந்தால், அந்த விலையை வீட்டில் எளியவர்மேல் சுமத்திவிடக் கூடாது என்பதே இதன் சாரம்.

இது நமக்கும் பொருந்தும். வேறு மறையிலிருந்து மணமாகி வந்த மருமகளைக் கோவிலுக்கு இழுத்து வருவது மட்டும் விசுவாசமன்று. அவள் தாய் தகப்பனை மதிப்பதும், அவள் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்வதும் விசுவாசமே. அருளானந்தருக்குப் பின், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற புனித தேவசகாயம் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 2022-ல் புனிதராக உயர்த்தப்பட்ட அந்தக் குடும்பத் தலைவர், தாம் கண்டடைந்த செல்வத்தைத் தம் மனைவி பார்கவி அம்மாளோடும் பகிர்ந்துகொண்டார். அவரும் ஞானப்பூ என்ற பெயருடன் அதே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். விசுவாசம் வீட்டைப் பிளக்கவும் கூடும், கட்டவும் கூடும். கட்டுவதற்கே நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம்.

ஓரியூரில்

இராமநாதபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அருளானந்தருக்காகத் தடியத்தேவர் வாதாடினார். வெளிப்படையாகக் கொன்றால் கலகம் எழும் என்று அஞ்சிய சேதுபதி, அவரை நாடு கடத்துவதாகச் சொல்லி, ஓரியூரில் இருந்த தம் தம்பி உடையத்தேவரிடம் அனுப்பினார். கொல்ல வேண்டும் என்ற கட்டளையும் மறைவாகச் சென்றது. சிறையில் மையும் எழுதுகோலும் இல்லை. கரியை நீரில் குழைத்து, துரும்பினால் தம் உடன்குருக்களுக்கு மடல் எழுதினார். தம்மேல் சுமத்தப்பட்ட குற்றம் நன்னெறியைக் கற்பித்ததே என்றால், அதற்காகத் துன்புறுவது தமக்குப் பெருமையே என்பது அம்மடலின் கருத்து.

1693 பிப்ரவரி 4-ம் நாள், பாம்பாற்றங்கரை மேட்டில், மண்டியிட்டுச் செபித்தபின் தலையை வாளுக்குக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 45. அவர் இரத்தம் தோய்ந்த அந்த மணலே இன்று நம் வீட்டுப் பீடங்களில் சிறு பொட்டலமாக இருக்கிறது. 1853-ல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22-ம் நாள் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது.

செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது அந்தத் தாய் உயிரோடிருந்தார். மன்னர் அவரை அரண்மனைக்கு அழைத்தார். துக்க உடையில் வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். அவரோ விழாக்கால உடை அணிந்து வந்தார். 20 ஆண்டுகளுக்கு முன் மகனைத் தடுக்கத் தூதுவரிடம் ஓடிய அதே தாய்தான். ஒரே நாளில் வந்த மாற்றமன்று இது. மகனைக் காணாமல் கழித்த அத்தனை ஆண்டுகளின் செபம் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது. தாய் மகனுக்கு விசுவாசத்தைக் கொடுத்தார். மகன் அதை நிறைவாக்கித் தாய்க்கே திருப்பிக் கொடுத்தார். குடும்பத்தில் விசுவாசம் இவ்வாறு இரு வழியிலும் ஓடுகிறது.

நம் இல்லங்களுக்கு

பங்கு மக்களே, இந்த யூபிலியின் நினைவாகக் கோவிலுக்கு நீங்கள் அளித்த காணிக்கைக்குக் கடவுள் நூறு மடங்கு பலன் தருவாராக. அதோடு வீட்டுக்கும் மூன்று காணிக்கைகளைக் கேட்கிறோம்.

முதலாவது, மாலைச் செபம். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் கால்மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். முழுச் செபமாலை இயலாவிட்டால் பத்து மணியாவது சொல்லுங்கள். தகப்பன் வேலைக்கு வெளியூர் சென்றிருந்தால் மூத்த பிள்ளை செபத்தை நடத்தட்டும். பாட்டி இருக்கும் வீட்டில் சிலுவை அடையாளம் போடக் கற்பிக்கும் உரிமை பாட்டிக்கே!

இரண்டாவது, இல்லறத்தின் உண்மை. திருமணத்தின் தூய்மைக்காகச் சிந்திய இரத்தம் நம் சீமையின் மண்ணில் கலந்திருக்கிறது. அந்த மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, வரதட்சணை பேரம் பேசுவதும், குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பதும், இன்னொருத்தியை மறைவில் வைத்திருப்பதும் தகுமா? அந்தச் செம்மண் அப்போது நமக்கு ஆசீராக அல்ல, சாட்சியாக நிற்கும்.

மூன்றாவது, வாசற்படி தாண்டுதல். சிறுவல்லிக்குச் சென்ற உபதேசியாரைப் போல், மாதம் ஒருமுறையாவது குடும்பமாக ஒரு நோயாளி வீட்டுக்கோ, தனித்து வாழும் முதியவர் வீட்டுக்கோ செல்லுங்கள். அவர் எந்த மறையினர், எந்தக் குலத்தினர் என்று கேட்க வேண்டாம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மறைக்கல்வி வகுப்பில் ஓராண்டு கற்பதை அவர்கள் ஒரு மாலையில் கற்றுக்கொள்வார்கள்.

கோவில் மணி இனியும் பல ஆண்டுகள் ஒலிக்கும். அதன் ஓசைக்கு விடை கூறும் செபக்குரல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எழுமானால், நம் யூபிலி உண்மையான யூபிலியே. புனித அருளானந்தரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.